பேஸ் ஸோன்களைச் சரியாக அமைப்பது: அந்த ஒரு எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

ஓடி முடித்துவிட்டு பயிற்சி மென்பொருளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த வண்ணப் பட்டைதான். நம் பேஸை, அதாவது ஒரு கி.மீ. ஓட எடுக்கும் நேரத்தை, மெதுவானதிலிருந்து வேகமானது வரை ஸோன் 1, 2, 3 என்று அது பிரித்துக் காட்டும். இவ்வளவு நேரம் ஸோன் 2, இவ்வளவு நேரம் ஸோன் 3 என்று அது சொல்வதை வைத்துத்தான் இன்று ஓடியது ஈஸியா டெம்போவா (சற்றுக் கடினமான, சீரான ஓட்டமா) என்று முடிவு செய்கிறோம், நாளைக்கு ஓடலாமா ஓய்வெடுக்கலாமா என்பதையும் அதை வைத்தே தீர்மானிக்கிறோம். ஆனால் அந்தப் பட்டை முழுவதும் ஒரே ஒரு எண்ணிலிருந்து கிளம்புகிறது: த்ரெஷோல்ட் பேஸ், அதாவது நாம் முழு முயற்சியோடு சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து ஓடக்கூடிய பேஸ். அந்த எண்ணை யார் போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள் என்று செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

என் கணக்கில் அது 4:50, அதாவது கி.மீ.க்கு 4 நிமிடம் 50 விநாடி, என்று இருந்தது. நான் போட்டதில்லை, மென்பொருள் தானாகவே கணித்து வைத்தது. அந்தக் கணக்குப்படி 5:40 பேஸில் நான் ஓடிய ஓட்டமெல்லாம் பச்சை நிறத்தில், ஸோன் 2, ஈஸி என்று வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த பேஸில் என்னால் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலில் கனம். ஈஸி ஓட்டம் என்று பெயர், ஆனால் உடம்பு அதை ஈஸியாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி உடம்பு ஒன்று சொல்லி மென்பொருள் வேறொன்று சொன்னால், உடம்பை நம்பிவிட்டு எண்ணைத் தோண்டிப் பார்ப்பது நல்லது என்பது என் அனுபவம்.

தோண்டியபோது கிடைத்தது இது. என்னுடைய பழைய ஓட்டங்களிலிருந்து வெவ்வேறு கால அளவுகளுக்கான சிறந்த பேஸ்களை எடுத்து ஒரு வளைகோடு போட்டு, அதிலிருந்து த்ரெஷோல்டைக் கணிக்கிறது மென்பொருள். அந்த வளைகோட்டைத் திறந்தால் 1 கி.மீ. சிறந்த நேரம் 2:05 என்று நிற்கிறது. 1,000 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனையே 2:11.96 தான், 1999இல் கென்யாவின் நோவா ங்கெனி ஓடியது. அந்த ஓட்டத்தின் வரைபடத்தைப் பெரிதாக்கினால் விஷயம் புரிந்தது: ஒரு சுரங்கப்பாதைக்குள் போகும்போது ஜிபிஎஸ் தொலைந்து, வெளியே வந்ததும் கோடு ஒரே தாவலில் சில நூறு மீட்டர் தள்ளிப் போய் விழுந்திருக்கிறது. 20 நிமிடச் சிறந்த பேஸ் இன்னொரு ஓட்டத்திலிருந்து வந்திருந்தது, அது நீண்ட இறக்கம் கொண்ட சாலை. இந்த இரண்டையும் வளைகோட்டிலிருந்து விலக்கிவிட்டு மறுபடி கணிக்கச் சொன்னதும் 4:50 காணாமல் போனது. இன்னொரு பொதுவான காரணம் சைக்கிள். சைக்கிளில் போனதை 'ரன்' என்றே பதிவுசெய்துவிட்டால், கி.மீ.க்கு 2:30 என்று ஒரு அரை மணி நேரம் உங்கள் ஓட்டக் கணக்கில் உட்கார்ந்துவிடும், அதன்பிறகு எந்தக் கணிப்பும் தேறாது. எனவே ஸோன் அமைக்கும் முன் அந்த வளைகோட்டை ஒருமுறை பாருங்கள். உங்களுக்கே நம்ப முடியாத எண் அதில் இருந்தால், அது நிஜமாகவே நடக்காததாகத்தான் இருக்கும்.

வாட்ச் சொல்லும் த்ரெஷோல்டும் இதே ரகம். சில கார்மின் வாட்ச் மாடல்கள் இதயத் துடிப்பையும் பேஸையும் சேர்த்துப் பார்த்து த்ரெஷோல்டைக் கணிக்கின்றன. மார்புப் பட்டை அணிந்து, சமதளத்தில், சீராக வேகம் ஏற்றி ஓடினால் ஓரளவுக்கு நல்ல எண்ணே வரும். மணிக்கட்டு சென்சாரை மட்டும் நம்பினால் சிலசமயம் அது துடிப்பை விட்டுவிட்டு நம் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஈஸியாக ஓடும்போதே துடிப்பு 170 என்று காட்டி, அதே நேரத்தில் காலடியும் நிமிடத்துக்கு 170 என்று இருந்தால் அதுதான் நடக்கிறது.

சரி, நல்ல எண்ணை எப்படிப் பெறுவது? என்னைக் கேட்டால் முதலிடம் பந்தயத்துக்குத்தான். அண்மையில் சமதளப் பாதையில் முழு முயற்சியோடு ஓடிய 10 கி.மீ. நேரம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்ட்ராவா செயலியும் பந்தய நேரத்தைக் கேட்டுத்தான் பேஸ் ஸோன்களைப் போடுகிறது. என் 10 கி.மீ. நேரம் 52 நிமிடம், அதாவது 5:12 பேஸ். ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்பதற்கு பீட் ரீகல் கொடுத்த சூத்திரம் இருக்கிறது: தூரம் எத்தனை மடங்காகிறதோ அதை 1.06 அடுக்குக்கு உயர்த்தினால், நேரம் எத்தனை மடங்காகும் என்பது கிடைக்கும். அதைத் தலைகீழாகப் போட்டால் 60 நிமிடத்தில் சுமார் 11.4 கி.மீ., பேஸ் 5:14 அல்லது 5:15. நான் 5:15 என்று வைத்துக்கொண்டேன். 10 கி.மீ.யை 40 நிமிடத்தில் முடிப்பவருக்கு த்ரெஷோல்ட் அவருடைய 10 கி.மீ. பேஸை விடச் சில விநாடிகள் மெதுவாக இருக்கும், 65 நிமிடம் எடுப்பவருக்கு 10 கி.மீ. பேஸை விடக் கொஞ்சம் வேகமாகவே இருக்கும். 'உன் 10 கி.மீ. பேஸைப் போட்டுக்கொள்' என்ற பொதுவான அறிவுரை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிப்பவர்களுக்கு மட்டுமே சரியாக அமைகிறது.

பந்தயம் இல்லையென்றால் 30 நிமிடச் சோதனை. பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல் பரவலாக்கியது: நன்றாக வார்ம்-அப் செய்துவிட்டு, தனியாக, 30 நிமிடம் முழு முயற்சியில் ஓட வேண்டும். 30 நிமிடத்தின் சராசரி பேஸ் த்ரெஷோல்ட் பேஸ், கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பு த்ரெஷோல்ட் துடிப்பு. அரை மணி நேர ஓட்டம் எப்படி ஒரு மணி நேர பேஸைக் காட்டும் என்று கேட்கலாம். தனியாக ஓடும்போது யாரும் பந்தயத்தில் விரட்டுவது போலத் தன்னை விரட்டிக்கொள்வதில்லை, அந்தக் குறைவுதான் இங்கே ஈடுசெய்கிறது. அதனால் இதே சோதனையை கூட்டத்தோடு, பந்தயமாக ஓடினால் எண் வேகமாக வந்துவிடும், அப்போது மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் இதை 400 மீட்டர் டிராக்கில், முதல் லேனில் ஓடினேன். முதல் இரண்டு சுற்று வேண்டுமென்றே கட்டுப்படுத்தி, பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு மெல்ல ஏற்றி, கடைசி ஐந்து நிமிடத்தில் மிச்சம் வைக்காமல். 14 சுற்றும் அதற்கு மேல் ஒரு 150 மீட்டரும் வந்தது, மொத்தம் 5,750 மீட்டர், பேஸ் 5:13. பந்தயத்திலிருந்து கணித்த 5:15க்குப் பக்கத்திலேயே. வாட்ச் அதே ஓட்டத்துக்கு 5.9 கி.மீ. என்று காட்டியது. வளைவுகளில் ஜிபிஎஸ் இப்படித்தான் தடுமாறும், ஆகவே டிராக்கில் சுற்றை எண்ணுங்கள், வாட்சின் தூரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், எந்த லேன் என்பதும் கணக்கு: முதல் லேன் 400 மீட்டர் என்றால் இரண்டாவது லேன் 407 மீட்டர். சமதளமான டிராக் கிடைக்காதவர்கள் வளைவு குறைவான, மரமும் உயரமான கட்டடமும் அதிகம் இல்லாத ஒரு நேர்ச்சாலையில் போய்த் திரும்பினாலும் போதும்.

மூன்றாவதாக கிரிட்டிக்கல் ஸ்பீடு என்ற முறை. 3 நிமிடம் முழு முயற்சி, நன்றாக ஓய்வெடுத்துவிட்டு 12 நிமிடம் முழு முயற்சி. இரண்டு தூரங்களின் வித்தியாசத்தை இரண்டு நேரங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். எனக்கு 3 நிமிடத்தில் 720 மீட்டர், 12 நிமிடத்தில் 2,520 மீட்டர். வித்தியாசம் 1,800 மீட்டர், 540 விநாடி. விநாடிக்கு 3.33 மீட்டர், பேஸில் சொன்னால் 5:00.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஒரே ஆள், ஒரே உடம்பு, ஒரு முறையில் 5:15, இன்னொரு முறையில் 5:00. இரண்டும் சரியே, இரண்டும் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன. கிரிட்டிக்கல் ஸ்பீடு நாம் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், பெரும்பாலோருக்கு அரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகத்தான் அதில் நிற்க முடியும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், ஒரு முறையில் எடுத்த எண்ணை இன்னொரு முறைக்காக வகுத்த சதவீதங்களோடு சேர்க்கும்போது. கோல்டன்சீட்டா என்ற மென்பொருள் கேட்பது கிரிட்டிக்கல் வெலாசிட்டி (கிரிட்டிக்கல் ஸ்பீடுதான், பெயர் மட்டும் வேறு), டிரெய்னிங்பீக்ஸ் மென்பொருள் கேட்பது த்ரெஷோல்ட். பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸின் விடாட் (VDOT) முறைக்கு பந்தய நேரம் போதும், அதன் ஸோன்களும் அதிலிருந்தே வந்துவிடும். எந்த முறையின் சதவீதங்களைப் பயன்படுத்துகிறீர்களோ அந்த முறையின் சோதனையையே செய்யுங்கள். நண்பர் கொடுத்த சதவீதம், யாரோ சொன்ன சோதனை, மென்பொருளின் இயல்பு அமைப்பு என்று மூன்றையும் கலந்தால் ஸோன் 2இன் மேல்வரம்பு கி.மீ.க்கு 15, 20 விநாடி தள்ளிப் போய்விடும்.

சதவீதத்திலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். பேஸும் வேகமும் தலைகீழ். சில மென்பொருள்கள் த்ரெஷோல்ட் பேஸின் சதவீதமாகக் கேட்கும், அங்கே 120% என்றால் மெதுவாக ஓடுவது. வேறு சிலவற்றில் த்ரெஷோல்ட் வேகத்தின் சதவீதம், அங்கே 80% என்றால் மெதுவாக ஓடுவது. 20% மெதுவாக என்பதுதானே இரண்டும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள்: 5:15 என்பது 315 விநாடி. அதன் 120% என்றால் 378 விநாடி, 6:18. வேகத்தில் 80% என்றால் 315ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 394 விநாடி, 6:34. கி.மீ.க்கு 16 விநாடி வித்தியாசம், மெதுவான ஸோன்களுக்குப் போகப்போக இது இன்னும் விரியும். ஒரு அட்டவணையை இன்னொரு மென்பொருளுக்கு மாற்றும்போது 100இலிருந்து கழித்துப் போடாமல், 1ஐ அந்த எண்ணால் வகுத்துப் போடுங்கள். பேஸில் 114% என்பது வேகத்தில் 87.7%, பேஸில் 129% என்பது வேகத்தில் 77.5%. நிமிடம் கி.மீ.க்கா மைலுக்கா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃப்ரீலின் சதவீதங்களை 5:15இல் போட்டால் ஸோன் 2 என்பது (த்ரெஷோல்ட் பேஸின் 129% முதல் 114% வரை) 6:46 முதல் 5:59 வரை, ஸோன் 3 ஏறக்குறைய 5:34 வரை, அதற்கு மேல் த்ரெஷோல்ட் வரை ஸோன் 4. பழைய 4:50இல் ஸோன் 2 5:31 வரை நீண்டிருந்தது. அதாவது எனக்கு நிஜத்தில் டெம்போவாக இருந்த 5:40 அங்கே ஈஸி என்று பதிவானது. பயிற்சிச் சுமையின் கணக்கும் இதனால் சாய்ந்துவிடும். த்ரெஷோல்டில் ஒரு மணி நேரம் ஓடினால் 100 புள்ளி என்பதும், தீவிரத்தின் (த்ரெஷோல்ட் வேகத்தில் எத்தனை பங்கு என்பதன்) வர்க்கத்துக்கு ஏற்பப் புள்ளி மாறும் என்பதும்தான் டிரெய்னிங்பீக்ஸ் ஓட்டத்துக்குப் போடும் சுமைக் கணக்கின் அடிப்படை. 6:15இல் சமதளத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 5:15 த்ரெஷோல்டுக்கு சுமார் 71 புள்ளி, 4:50க்கு சுமார் 60. ஒரு ஓட்டத்தில் இது பெரிதாகத் தெரியாது. மாதக்கணக்கில் சேரும்போது, உடம்பு களைத்துக் கிடக்கையில் வரைபடம் 'இன்னும் ஏற்றலாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

த்ரெஷோல்டைச் சரிசெய்த பிறகும் ஸோன் 2இன் மேல்வரம்பை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்க்கச் சொல்வேன். த்ரெஷோல்டுக்கும் ஈஸியின் உச்சத்துக்கும் உள்ள இடைவெளி எல்லாருக்கும் ஒரே சதவீதம் கிடையாது. பல ஆண்டுகளாக நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு அந்த இடைவெளி குறுகலாக இருக்கும், வேகம் இருந்தும் அடித்தளம் போதாதவர்களுக்கு அகலமாக இருக்கும். குளிர்ச்சியான காலைகளில், சமதளத்தில், ஒரு மணி நேரம் ஒரே பேஸில் ஓடிப் பார்த்தேன். 6:10இல் முதல் பாதியில் சராசரித் துடிப்பு 142, இரண்டாம் பாதியில் 153. அதே பேஸுக்கு உடம்பு 7, 8% போல அதிகம் உழைத்திருக்கிறது. வேறொரு நாள் 6:30இல் 138, பிறகு 143, மூன்றரை சதவீதம்தான். இந்த விலகல் சுமார் 5%க்குள் இருந்தால் அது ஈஸி என்று ஃப்ரீல் வழிமுறையில் எடுத்துக்கொள்வார்கள். பேச்சுச் சோதனையும் அதையே சொன்னது, 6:20 வரை நிறுத்தாமல் பேச முடிந்தது, அதைத் தாண்டினால் வாக்கியம் பாதியில் உடைந்தது. அதனால் அட்டவணை சொன்ன 5:59ஐ அழித்துவிட்டு மேல்வரம்பை 6:20 என்று கையால் போட்டேன். மென்பொருள் கொடுக்கும் சதவீதத்தை மாற்றவே கூடாது என்று நினைக்க வேண்டியதில்லை, அது பலருக்குப் பொதுவாகப் போட்ட கணக்கு. வெயிலில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், வெப்பத்துக்கே துடிப்பு ஏறிவிடும்.

மேலே உள்ள ஸோன்களைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. ஃப்ரீல் முறையில் ஸோன் 5ஏ என்பது 97 முதல் 100%, எனக்கு 5:06 முதல் 5:15 வரை. அந்த ஒன்பது விநாடி அகலம் ஜிபிஎஸ்ஸின் ஆட்டத்தைவிடக் குறுகலானது. விநாடிக்கு விநாடி பேஸ் மேலும் கீழும் குதிக்கையில், நான் சீராக 5:10இல் ஓடினாலும் பட்டையில் நேரம் பக்கத்து ஸோன்களுக்குச் சிதறித்தான் விழும். இண்டர்வெல் நாட்களில் ஸோன் நேரத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு லேப்பின் பேஸையும் பாருங்கள். முழு ஓட்டத்தின் சராசரியும் உதவாது, வேகமாக ஓடியதும் நடுவில் மெதுவாக ஓடியதும் கலந்து டெம்போ போல ஒரு எண் வரும், அந்த பேஸில் நாம் ஒரு நிமிடம்கூட ஓடியிருக்க மாட்டோம். வாட்ச் முகப்பிலும் உடனடி பேஸுக்குப் பதில் லேப் பேஸை வைத்துக்கொண்டால் ஓட்டம் அமைதியாக இருக்கும்.

மேடு பள்ளம் உள்ள இடத்தில் ஓடுபவர்கள் ஸோன்களைச் சாதாரண பேஸில் பார்க்கிறார்களா, சரிவுக்கு ஏற்பத் திருத்திய பேஸில் பார்க்கிறார்களா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஏற்றத்தில் 7:00இல் ஓடுவது சமதளத்தின் 5:30க்குச் சமமான உழைப்பாக இருக்கலாம், திருத்தாத பேஸ் அதை நடைப்பயிற்சி போலக் காட்டும். ஆனால் அந்தத் திருத்தத்துக்குத் தெரிந்தது சரிவு மட்டும்தான், மணலா சேறா கல்லா என்று அதற்குத் தெரியாது. உயரத்தைக் காற்றழுத்தமானி இல்லாத வாட்ச் ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்தால் அதுவும் குதிக்கும். காட்டுப்பாதையில் ஓடும் நாளில் நான் பேஸ் ஸோன்களைப் பார்ப்பதே இல்லை, துடிப்பு ஸோன்தான். டிரெட்மில்லுக்கும் கிட்டத்தட்ட இதே பதில், கை அசைவை வைத்து வாட்ச் போடும் தூரத்தை இயந்திரத்தின் தூரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே சேமிக்கிறேன்.

கடைசியாக, தேதி. புது த்ரெஷோல்டைப் போடும்போது அது எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று கேட்கும் மென்பொருள்களில் அதைச் சரியாகக் கொடுங்கள். போன வருடம் 5:40 த்ரெஷோல்டோடு ஓடிய ஓட்டங்களை இன்றைய 5:15 கொண்டு மறுபடி அலசினால், அன்று கடினமாக உழைத்த நாட்களெல்லாம் நிஜத்தைவிட ஈஸியான நாட்களாகத் தெரியும். என் விஷயத்தில் 4:50 தவறாக நுழைந்த நாளிலிருந்து மட்டும் 5:15ஐப் போட்டு, அதற்குப் பிறகான ஓட்டங்களை மறுகணக்கிடச் சொன்னேன், அதற்கு முந்தையதைத் தொடவில்லை. கூடவே வாட்சிலிருந்து த்ரெஷோல்ட் தானாகப் புதுப்பிக்கப்படும் வசதியையும் அணைத்துவிட்டேன், இல்லையென்றால் கையால் போட்டதை அடுத்த ஒத்திசைவு அழித்துவிடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அல்லது ஒரு பந்தயம் முடிந்ததும், எண்ணைத் திரும்பப் பார்க்கிறேன். காய்ச்சலோ காயமோ வந்து சில வாரம் ஓடாமல் இருந்தால் சோதனை எதுவும் வைக்காமல் த்ரெஷோல்டைப் பத்துப் பதினைந்து விநாடி மெதுவாக்கிவிட்டுத் தொடங்குவேன், பேச்சுச் சோதனையில் ஈஸி பேஸ் பழைய இடத்துக்கு வந்ததும் மறுபடி டிராக்குக்குப் போய் 30 நிமிடம் ஓடிப் பார்த்துக்கொள்வேன்.